காலும் காதும் நாக்கும்

நான் காலால் பிறந்தவள். தலைக்கு முதல் கால் வந்ததாம். மருத்துவிச்சி பயந்துபோனாளாம். அம்மா, "எப்பிடியெண்டாலும் வந்திட்டுதுதானே" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிப் படுத்துவிட்டாளாம்.

எங்கள் பக்கத்தில் காலால் பிறந்தவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. இடுப்புப் பிடித்தவர், கழுத்துச் சுளுக்கியவர் வந்து குப்புறப் படுப்பார்கள். நோகிற இடத்தைக் காலால் நீவிவிட வேண்டும். நடக்கப் பழகின நாளிலிருந்து நான் இதைச் செய்தேன். தோட்டக்காரர்களின் முதுகில் குதிக்காலை வைத்து இழுப்பேன். சிலருக்குச் சுகம் வந்தது. சிலருக்கு வரவில்லை. வந்தவர்கள் ஊரெல்லாம் சொன்னார்கள். வராதவர்கள் பேசாமல் இருந்தார்கள். ஒருவருடைய சக்தி இப்படித்தான் பெரிதாகிறது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நினைக்கவில்லை.

பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. தம்பி பிறந்தான், பிள்ளை பார்க்க ஆள் வேண்டும், நின்றுவிட்டேன். அந்த எழுத்தை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

கோப்பாய்ப் பக்கம் எங்கள் ஊர். மேலே சிவந்த மண், கீழே வெள்ளைக் கல். நான் சொல்வது யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருசங்கள். எனக்குச் சிநேகிதிகள் இரண்டு பேர்.

ஒருத்தி எங்கள் ஒழுங்கையின், வேலிகளுக்கு நடுவே போகிற சின்னத் தெருவின், கடைசி வீட்டு வளவில் இருந்தாள். அவளுக்கு நாக்கில் கறுப்பு மறு. மிளகு அளவு இருக்கும். கரிநாக்கு என்பார்கள். கரிநாக்குச் சொன்னது பலிக்கும் என்பார்கள்.

அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது அவர்களுடைய வீடு வேய்ந்தார்கள். மாரிக்கு முதல் பழைய ஓலையைப் பிடுங்கிவிட்டுப் புது ஓலை போடுவது. அயல் ஆண்கள் எல்லாரும் வந்து கைகொடுப்பார்கள். பெண்கள் பானையில் கஞ்சி வைப்பார்கள். அவளுடைய சித்தப்பா முகட்டில், கூரையைத் தாங்குகிற வளைமரத்தில் இருந்தார். அவள் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "சித்தப்பா, வளை முறியப்போகுது" என்றாள். கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். வளை முறிந்தது. தலை அடிபட விழுந்தார். அன்றைக்கே போய்விட்டார்.

அழுதவர்கள் ஒருவரும் முறிந்த வளையைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவளுடைய தாய் அவளை வெளியில் வாய்திறக்க விடவில்லை. கலியாண வீட்டுக்குக் கூட்டிப்போவதில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்கு விடுவதில்லை. அவள் ஒரு வீட்டுப் படலையை, வேலிக் கதவை, தாண்டிப் போனால், அந்த வீட்டுப் பெண்கள் காய்ந்த செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துப் பிள்ளைகளுக்குச் சுற்றி அடுப்பில் போடுவார்கள். நாவூறு போவதற்கு. நாவூறு என்றால் நாவால் வருகிற கேடு. ஒழுங்கையில் மிளகாய் மணந்தால், அவள் அந்தப் பக்கம் போயிருக்கிறாள் என்று தெரியும்.

மற்றவள் எனக்கு மச்சாள். அம்மாவின் தமையன் மகள். அவளுக்குக் காது. நிலத்தில் காதை வைத்துக் கேட்டால் கல்லுக்குக் கீழே தண்ணீர் ஓடுவது கேட்கிறது என்பாள். எங்கள் பக்கத்தில் இது பெரிய அதிசயம் இல்லை. அடி காணாத நிலாவரைக் கிணற்றில் எலுமிச்சைத் தேசிக்காய் போட்டால் நிலத்துக்குக் கீழால் போய்த் தூரத்துக் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று ஊரே சொல்லும். போட்டுப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் காதால் கேட்கிறேன் என்று சொன்னவள் இவள் ஒருத்திதான்.

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே" என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"உனக்குக் காலிலைதானேடி சக்தி. காதை வைச்சு என்ன செய்யப்போறாய்" என்றாள்.

இப்படித்தான் எங்களுக்குள் பெயர் வந்தது. கால், காது, நாக்கு. வேறு யாருக்கும் சொல்வதில்லை என்று பனந்தோப்புப் பிள்ளையாருக்கு முன்னால் கற்பூரம் இல்லாமல் சத்தியம் பண்ணினோம். கற்பூரத்துக்கு எங்கே போவது.

ஆடு மேய்க்கவும் காய்ந்து விழுந்த காவோலை பொறுக்கவும் பனந்தோப்புக்குப் போவோம். அங்கேதான் நாக்குக்காரி கதைப்பாள். வீட்டில் அடைத்து வைத்த கதையெல்லாம் அங்கே கொட்டும். தோப்புக்குள் நுழைந்தால் வாய் மூடாது. வெளியே வரும்போது உதட்டை மடித்துக்கொள்வாள். நான் அதைப் பார்ப்பேன்.

அவளுடைய சக்தியைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று மச்சாளுக்கு ஆசை.

"ஏதாவது சொல்லடி, பாப்பம்."

"என்னத்தைச் சொல்ல?"

"பலிக்கிறதாய் ஒண்டு."

"பின்னேரம் மழை பெய்யும்."

மழை பெய்யவில்லை. எங்கள் ஆடு இரட்டைக் குட்டி போடும் என்றாள். போட்டது. என் அண்ணை கிணற்றுத் துலாவில் ஏறி நடப்பவர். அவர் அதிலிருந்து விழமாட்டார் என்றாள். அண்ணை விழவில்லை.

"அண்ணை ஒருநாளும் விழுறேல்லை. அதைக் கணக்கிலை சேர்க்கேலாது" என்றாள் மச்சாள்.

"அப்ப விழுவார் எண்டு சொல்லட்டோ?"

"ஐயோ வேண்டாமடி" என்றேன் நான். அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். "நீயும் பயப்பிடுறாய்" என்றாள்.

ஓம், பயந்தேன்.

அந்த வருசம் மாரி பொய்த்தது. தை மாதமே குளம் வற்றி அடி வெடித்துவிட்டது. மாசியில் கிணறுகள் வற்றத் தொடங்கின. புகையிலைக் கன்று நின்ற நிலையில் வாடியது. அந்த நேரம் நாக்குக்காரியின் வீட்டில் ஒரு முடிவு எடுத்தார்கள். சாவகச்சேரியில் அவர்களுக்கு ஒரு தூரத்துச் சொந்தம், வசதியான வீடு. அங்கே வேலைக்கு ஒரு பெட்டைப்பிள்ளை வேண்டும். சித்திரை பிறந்ததும் அனுப்புவது. ஊமை என்று சொல்லி அனுப்புவது. அங்கே ஒருவருக்கும் இவளைத் தெரியாது. வாயைத் திறக்காமல் இருந்தால் கடைசிவரைக்கும் சோறு இருக்கும்.

அவள் தோப்பில் இருந்து இதைச் சொன்னாள். அழவில்லை.

"அம்மா நேற்றிரவு தொடக்கம் பழக்கிறா" என்றாள். "ஆரும் கூப்பிட்டால் இப்பிடிக் கையைக் காட்ட வேணுமாம்." வாயைத் தொட்டு, இல்லையென்று கையை விரித்துக் காட்டினாள்.

நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு ஆள் உயிரோடு இருக்கும்போதே வாயைப் புதைப்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

வழி சொன்னது மச்சாள்தான். "தண்ணி கண்டுபிடிப்பம். நான் கேட்டுச் சொல்லுறன், எந்த இடம் எண்டு. நீ எல்லாருக்கும் முன்னாலை வந்து, இஞ்சை வெட்டுங்கோ, தண்ணி வரும் எண்டு சொல்லு. தண்ணி வந்தால் உன்ரை நாக்கு நல்ல நாக்கு. பிறகு ஆர் உன்னை அனுப்புறது?"

"வராட்டி?"

"வரும். எனக்குக் கேக்குது."

"அப்ப நான் என்ன செய்ய?" என்று கேட்டேன்.

"நீ மண்ணை மிதிச்சுவிடு" என்றாள். அவளுக்கு எந்த நேரமும் பகிடி.

தோப்பின் கிழக்குப் பக்கம், பற்றைக்குள், ஒரு குழி இருந்தது. கல் உள்வாங்கி விழுந்த குழி. பிலம் என்பார்கள். வாய் சிறியது, உள்ளே அகலம். ஆடுகள் போகாமல் கள்ளிமுள் வெட்டிப் போட்டிருந்தார்கள். மச்சாள் முதலில் அங்கேதான் கேட்க வேண்டும் என்றாள். காலை நேரம், வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. முள்ளை விலக்கிக் குழியின் விளிம்பில் குப்புறப் படுத்தாள். காதை வைத்தாள்.

"கேக்குது" என்றாள். "கிட்ட. நல்லாய்க் கிட்ட."

இன்னும் கொஞ்சம் முன்னால் ஊர்ந்தாள். விளிம்பு கழன்றது. மண்ணும் கல்லும் அவளும் ஒன்றாகப் போனார்கள். சத்தம் போட அவளுக்கு நேரம் இல்லை.

நான் எட்டிப் பார்த்தேன். கீழே இருட்டு. பிறகு தண்ணீர் மின்னியது. அவளுடைய தலை ஒருமுறை வந்தது, தாழ்ந்தது.

எப்படி இறங்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆலம்வேர் ஒன்று கல்லோடு ஒட்டிக்கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பாதி இறங்கினேன், மீதி விழுந்தேன். தண்ணீர் நெஞ்சுவரை. குளிர். மச்சாளின் தலையைப் பிடித்து என் தோளில் வைத்தேன். நெற்றியில் இரத்தம். ஒரு கால் திரும்பிக் கிடந்தது, நிலத்தில் ஊன்ற முடியவில்லை. நான் விட்டால் தாழ்ந்துவிடுவாள். காலுக்குக் கீழே சேறு. நானும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்வது தெரிந்தது.

மேலே பார்த்தேன். வட்டமான வெளிச்சம். அதற்குள் நாக்குக்காரியின் முகம்.

"ஓடிப்போய்ச் சொல்லு" என்றேன். "மாமாவும் அண்ணையும் தோட்டத்திலை நிக்கினம். போய்ச் சொல்லு."

அவள் அசையவில்லை. வாய் திறந்து கிடந்தது. அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். போய் என்ன சொல்வது? விழுந்துவிட்டாள், சாகப்போகிறாள் என்று சொன்னால்? சொன்னது நடந்தால்?

"போடி" என்றேன். முகம் மறைந்தது.

நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். வேரை ஒரு கையால் பிடித்தேன். அவளை மற்றக் கையால். கை விறைத்தது. மச்சாள் கண்ணைத் திறந்தாள்.

"தண்ணி இருக்கடி" என்றாள். "சொன்னனான்தானே."

"கதையாதை."

"கால் நோகுது. உன்ரை காலாலை ஒருக்கால் நீவிவிடன்."

"எனக்கே நிக்க இடமில்லை. காலை எங்கை தூக்கிறது."

சிரிக்கப் பார்த்தாள். வாய்க்குள் தண்ணீர் போனது. துப்பினாள்.

"எடியே, உவர்" என்றாள்.

நானும் நக்கிப் பார்த்தேன். உப்பு. குடிக்க ஆகாது, பயிருக்கும் ஆகாது. நாங்கள் தேடிப்போன தண்ணீர் அதுதான். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கதைக்கவில்லை. தலை பாரமாகியது. நான் மேலே பார்ப்பதை விட்டுவிட்டேன். வேரை மட்டும் நினைத்தேன்.

தோட்டத்தில் நடந்ததை அண்ணை பிறகு எனக்குச் சொன்னார்.

அண்ணை, மச்சாளின் தகப்பனான மாமாவின் தோட்டத்துக்குத்தான் இறைக்கப் போவார். துலா என்பது கிணற்றடியில் நட்ட மரத்தின் மேல் ஏறி இறங்கும் நீட்டுத் தடி. அண்ணை அதன் மேல் முன்னும் பின்னும் நடப்பார். அவர் நடக்கத் தடி தாழும், எழும்பும். மாமா கீழே நின்று தண்ணீர் மொண்டு வருகிற பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பார். அன்றைக்குக் கயிறு தேய்ந்துபோய், புதுக்கயிறு மாற்ற இறங்கியிருந்தார்கள். தும்புக் கயிறு, சுருளாகக் கிணற்றடியில் கிடந்தது.

நாக்குக்காரி வரப்பில் ஓடிவந்தாள். மூச்சு வாங்கினாள். மாமா அவளைக் கண்டதும் கையை உயர்த்தினார்.

"அங்கை நில். கிணத்தடிக்கு வராதை."

"மாமா..."

"வாயைத் திறவாதை எண்டுறன். கிணறு அடி தெரியக் கிடக்கு. நீயும் ஒண்டைச் சொல்லிவைக்காதை."

அவள் தோப்புப் பக்கம் கையைக் காட்டினாள்.

"ஆடோ? உங்கடை ஆடு இஞ்சாலை வரேல்லை. போ, போய்த் தேடு."

அவள் மறுபடி வாயைத் திறந்தாள். இந்த முறை அண்ணை சொன்னார். "பிள்ளை, வாயைப் பொத்து. உனக்குப் புண்ணியமாய்ப் போகும்."

இதைச் சொல்லும்போது அண்ணை என்னைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவள் வாயை மூடிக்கொண்டு நேரே கிணற்றடிக்கு வந்தாள். கயிற்றுச் சுருளை அள்ளித் தோளில் போட்டாள். திரும்பி ஓடினாள்.

"எடி, கயிறு" என்று மாமா கத்தினார். ஒரு முனை நிலத்தில் இழுபட்டது. மாமா அதை மிதித்தார். அவள் ஓடின வேகத்தில் கயிறு மாமாவின் காலுக்குள்ளால் உருவிக்கொண்டு போனது. அவர் வாய்க்காலுக்குள் விழுந்து குந்திவிட்டார்.

"விசரிக்குக் கயிறு என்னத்துக்கு" என்று மாமா எழும்பினார். அப்போதுதான் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே நினைப்பு வந்தது. ஒரு குமர்ப்பிள்ளை, ஊரே ஒதுக்கின பிள்ளை, கயிற்றோடு தோப்புக்குள் ஓடுகிறாள்.

"அண்டைக்கு ஓடின மாதிரி நான் ஒருநாளும் ஓடேல்லை" என்றார் அண்ணை. "அவள் செத்தால் அந்தப் பழி எனக்குத்தான் எண்டு ஓடினன்."

குழிக்கு அருகில் அவள் நின்றாள். கயிற்றைக் கீழே போட்டாள். கையால் குழியைக் காட்டினாள். அப்போதும் வாய் திறக்கவில்லை.

கயிற்றைப் பனையில் கட்டி அண்ணை இறங்கினார். மச்சாளை முதுகோடு கட்டி ஏற்றினார்கள். பிறகு என்னை. மேலே வந்து கிடந்தபோது வெயில் முகத்தில் விழுந்தது. நாக்குக்காரி என் கையிலிருந்து வேரின் தோலைப் பிரித்து எடுத்தாள். கை விரியவில்லை. ஒவ்வொரு விரலாக விரித்துவிட்டாள்.

அவள்தான் காப்பாற்றினாள் என்று ஊர் சொல்லும் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லவில்லை. "அண்டைக்கு அவள் வாயைத் திறக்காததாலைதான் பெட்டை தப்பினது" என்றார்கள். கோயிலடியிலும் அதுதான் கதை. கிணற்றடியிலும் அதுதான். "நல்ல காலம், ஒண்டும் சொல்லேல்லை." கயிற்றைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. அவளுடைய தாய்க்கு அது இன்னும் வசதியாகப் போனது. பார்த்தீர்களா, இந்தப் பிள்ளைக்கு ஊமையாய் இருப்பதுதான் எல்லாருக்கும் நல்லது என்றாள். சித்திரை வரை வைத்திருக்கத் தேவையில்லை, அடுத்த கிழமை வண்டி வரும் என்றாள்.

மச்சாளை நாட்டு வைத்தியரான பரியாரியார் பார்த்தார். எலும்பு முறியவில்லை, நரம்பு பிசகிக் கிடக்கிறது என்றார். எண்ணெய் தந்தார். வீக்கம் வற்றியது. ஆனால் காலை ஊன்ற முடியவில்லை. மாமி என்னைக் கூப்பிட ஆள் விட்டாள்.

போனேன். மச்சாள் பாயில் கிடந்தாள். மாமி காலடியில் விளக்கு ஏற்றி வைத்திருந்தாள். மாமா வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"வா மோனை. காலைக் கழுவிப்போட்டு வந்து ஒருக்கால் நீவிவிடு" என்றாள் மாமி.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அதை முதலே யோசித்துக்கொண்டு வரவில்லை. அந்த இடத்தில் வந்தது.

"நாக்குக்காரியைக் கூப்பிடுங்கோ" என்றேன். "அவள் வந்து இருந்து கதைச்சால்தான் நான் கால் வைப்பன்."

"ஆரை?"

"கடைசி வளவுக்காரியை."

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கென்ன விசரோ? அவள் வந்து ஒண்டைச் சொன்னால் என்ரை பிள்ளை நொண்டி. கொட்டுக்கால் பெட்டையை ஆர் கட்டுவான்?"

"அப்ப நான் போயிட்டு வாறன்."

"எடி, உன்ரை மச்சாளெடி இது."

"ஓம் மாமி."

பாயில் கிடந்தவள் தலையைத் தூக்கினாள். "அம்மா, அவள் அந்தக் கயிற்றைக் கொண்டுவராட்டி, இப்ப என்னை எரிச்சுக் காடாத்தி முடிச்சிருப்பியள். விளக்கு இப்ப கால்மாட்டிலை எரியாது. தலைமாட்டிலைதான்."

"சீ, வாயைக் கழுவு" என்றாள் மாமி. ஆனால் முகம் வெளுத்துவிட்டது.

"கூப்பிடு" என்றார் மாமா வாசலிலிருந்து.

அவள் வந்தாள். படலைக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்று யாரும் அவளுக்குச் சொல்லிப் பழக்கம் இல்லை. நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். மாமி அடுப்படிக் குசினி வாசலில் நின்றாள். ஒரு கையில் செத்தல் மிளகாய், மற்றக் கையில் உப்பு. எல்லாம் ஆயத்தம். அவள் வாயைத் திறந்ததும் சுற்றிப் போடுவதற்கு.

நாக்குக்காரி அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"சொல்லன்" என்றேன்.

எல்லாரும் பார்த்தோம். அவள் உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"மாமி, விடாய்க்குது. கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்றாள்.

மாமிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்த ஒருத்தி தண்ணீர் கேட்கிறாள். கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுப்பதென்றால் கை வேண்டும். மிளகாயையும் உப்பையும் வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். மூக்குப்பேணிச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் அண்ணாந்து குடித்தாள். முழுவதும் குடித்தாள்.

பிறகு மாமாவைப் பார்த்தாள். "நான் அண்டைக்குச் சொல்லத்தான் வந்தனான். நீங்கள் விடேல்லை."

மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஓம் பிள்ளை. விடேல்லைத்தான்" என்றார்.

"சித்தப்பாவுக்கும் சொல்லத்தான் வந்தனான். வளையிலை கறையான் ஏறி இருந்தது. நான் கண்டனான். மண் மண்ணாய்க் கொட்டினது."

"அதை அப்ப ஏன் சொல்லேல்லை?" என்று மாமா கேட்டார்.

"சொன்னனான். வளை முறியப்போகுது எண்டு சொன்னனான். எல்லாரும் சிரிச்சியள். நீங்களும் நிண்டனீங்கள்."

மாமா நின்றவர்தான். அன்றைக்கு ஓலை எடுத்துக்கொடுத்தவர் அவர். வாசல் நிலையை விட்டு வெளியே போனார். முற்றத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு கனநேரம் நின்றார்.

எங்களுக்கே அவள் இதைச் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை. அவளுடைய சக்தியை எத்தனை விதமாகச் சோதித்தோம். ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒருநாள் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. எங்களுக்குச் சக்தி வேண்டியிருந்தது. கறையான் வேண்டியிருக்கவில்லை.

நான் காலைக் கழுவிவிட்டு வந்து மச்சாளின் காலை நீவினேன். சில நாளில் அவள் நடந்தாள். என் காலாலோ, எண்ணெயாலோ, நாள் போனதாலோ தெரியாது. ஊர் காலால்தான் என்றது. நான் மறுக்கவில்லை.

அடுத்த கிழமை, தாய் சொன்னபடியே வண்டி வந்தது. சாவகச்சேரி வீட்டு அம்மா தானே வந்திருந்தார். நாக்குக்காரியைச் சட்டை மாற்றி முற்றத்தில் நிறுத்தினார்கள். நாங்கள் வேலியோடு நின்றோம். மச்சாள் தடியை ஊன்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"சாதுவான பிள்ளை" என்றாள் தாய். "பாவம், பேச்சு மட்டும்தான் இல்லை."

"காது கேக்குமோ?" என்று அந்த அம்மா கேட்டார்.

"நல்லாய்க் கேக்கும்" என்றாள் நாக்குக்காரி. "கதைக்கவும் தெரியும். வாறதெண்டால் கதைச்சுக்கொண்டுதான் வருவன்."

தாய் கையை ஓங்கினாள். ஓங்கின கை அப்படியே நின்றது. அடிக்கப் பயமோ, அடிக்க மனம் வரவில்லையோ. அந்த அம்மா வண்டியில் ஏறினார். ஊமை என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள் என்று வண்டிக்காரனிடம் சொல்லிக்கொண்டு போனார். கதைக்கிற வேலைக்காரி அவருக்கு வேண்டாம்.

தாய் மூன்று நாலு நாள் அவளோடு கதைக்கவில்லை. அந்த வீட்டில் அது புதுமையாக இருந்தது. கதைக்கிறவள் மகள், பேசாமல் இருப்பவள் தாய்.

ஊர் ஒரே நாளில் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். மிளகாய் சுற்றிப் போடுவதைச் சில வீடுகள் நிறுத்தவில்லை. இரண்டு வீட்டுக்காரர், நல்லதாய் ஒரு சொல்லுச் சொல்லிவிட்டுப் போ என்று அவளைக் கூப்பிட்டார்கள். அதுவும் பயம்தான், வேறு பக்கத்தால் வருகிற பயம். அவள் போனாள். எல்லா வீட்டிலும் தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

ஒருநாள் நாங்கள் மூன்று பேரும் ஒழுங்கையால் வந்தோம். மாமி வேலிக்கு அங்கால் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்களைக் கண்டு நிமிர்ந்தாள். என்னைக் கேட்கவில்லை. மகளைக் கேட்கவில்லை.

"பிள்ளை, உங்கடை வீட்டிலை இண்டைக்கு என்ன கறி?" என்று நாக்குக்காரியிடம் கேட்டாள்.

அவள் தன்னைத்தான் கேட்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"கத்தரிக்காய், மாமி" என்றாள். "முத்தல். அம்மா குழம்பு வைக்கிறா."

"முத்தலெண்டால் புளியைக் கொஞ்சம் கூட விடச்சொல்லு" என்றாள் மாமி. குனிந்து கீரையை ஆய்ந்தாள்.